ஏலக்காய்ப் பரிசோதனைக்கு எந்த ஒப்பீட்டுப் பொருளை வாங்குவது?

குமுளியில் நான் பணிபுரியும் சிறிய உணவுப் பரிசோதனைக்கூடத்துக்கு வரும் மாதிரிகளில் பெரும்பகுதி ஏலக்காயும் மிளகும்தான். வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்துத் தோட்டக்காரர்களும், மலைக்குக் கீழே கம்பத்திலும் போடியிலும் கடை வைத்திருக்கும் வியாபாரிகளும் தங்கள் சரக்கில் பூச்சிமருந்து எச்சம் எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று கேட்டு வருகிறார்கள். புற்றடியிலோ போடியிலோ ஏலத்தில் எடுத்த சரக்கு எந்த நாட்டுக்குப் போகலாம் என்பதைப் பல சமயம் நாங்கள் அச்சிட்டுக் கொடுக்கும் ஓர் எண் தீர்மானித்துவிடுகிறது. தராசுக்குப் படிக்கல் எப்படியோ, அந்த எண்ணுக்கு ஒப்பீட்டுப் பொருள், அதாவது அளவு முன்பே தெரிந்த பொருள், அப்படி. இந்தப் பருவத்துக்காக நாங்கள் வாங்கிப் பயன்படுத்திய ஒப்பீட்டுப் பொருள்களைப் பற்றி, அவற்றை விற்றவர்களின் சேவையையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே மலையோரத்தில் இதே வேலையைச் செய்யும் மற்ற பரிசோதனைக்கூடத்தாருக்கும், அறிக்கையை வாங்கிப் படிக்கும் தோட்டக்காரர்களுக்கும் இது பயன்பட வேண்டும்.

எதை வைத்து மதிப்பிடுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பரிசோதனையில் மாதிரியை அரைப்பது, அதிலிருந்து வேதிப்பொருளைப் பிரித்தெடுப்பது, சுத்தம் செய்வது, கருவியில் செலுத்துவது, கணக்கிடுவது என்று பல படிகள் இருக்கின்றன. வாங்கும் பொருள் இவற்றில் எந்தப் படியைச் சோதிக்கிறது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகே விலையையும் தயாரிப்பாளர் பெயரையும் பார்க்க வேண்டும். புட்டியைவிட அதனுடன் வரும் சான்றிதழ்தான் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. மதிப்பு, அந்த மதிப்பின் நிச்சயமின்மை (அது எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்ற அளவு), எந்த அளவீட்டுத் தொடரின் வழியாக அது சர்வதேச அலகுகளோடு இணைகிறது என்ற விவரம் ஆகிய மூன்றும் சான்றிதழில் இல்லையென்றால், அந்தப் பொருளைச் சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருள், அதாவது சி.ஆர்.எம்., என்று அழைக்கவே கூடாது.

ஈயமும் காட்மியமும் பார்ப்பதற்காக வாங்கிய ஆப்பிள் இலைத் தூளை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் தேசிய அளவீட்டு நிறுவனமான என்.ஐ.எஸ்.டி., எஸ்.ஆர்.எம். (தர ஒப்பீட்டுப் பொருள்) 1515 என்ற எண்ணில் வெளியிடும் பொருள் இது. ஏலக்காய் பார்க்கிற இடத்தில் ஆப்பிள் இலை எதற்கு என்று எங்கள் கூடத்துக்கு வந்த ஒரு தோட்டக்காரர் கேட்டார், நியாயமான கேள்விதான். நாங்கள் தேடிய பட்டியல்களில் ஏலக்காயை அடிப்படையாகக் கொண்ட பொருள் இல்லாததால், தாவரத் தூள் என்ற வகையில் நெருங்கி வருவதையும், அளக்க வேண்டிய அளவுக்கு அருகில் மதிப்பு இருப்பதையும் சேர்த்துப் பார்த்தே இதைத் தேர்ந்தெடுத்தோம். ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் நறுமணப் பொருள்களுக்கு ஈய வரம்பு விதித்தபோது, ஏலக்காயும் மிளகும் அடங்கும் பழவகை நறுமணப் பொருள்களுக்குக் கிலோவுக்கு 0.60 மில்லிகிராம் என்று வைத்தது. ஆப்பிள் இலையின் சான்றிதழ் ஈயத்துக்குத் தரும் மதிப்பு கிலோவுக்கு 0.470 மில்லிகிராம், அதன் நிச்சயமின்மை கூடவோ குறையவோ 0.024. வரம்பை ஒட்டிய அளவில் நம் கருவியும் முறையும் சரியாக இயங்குகின்றனவா என்று பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான எண் எளிதில் கிடைக்காது. பத்து மில்லிகிராம் ஈயம் உள்ள ஒரு மண் மாதிரியை வைத்துக்கொண்டு 0.60-ஐத் துல்லியமாக அளக்கிறோம் என்று சொன்னால் அதற்குப் பொருளே இல்லை.

அதே புட்டியைக் காட்மியத்துக்கும் பயன்படுத்தலாமே என்று தோன்றும். அதில் காட்மியம் கிலோவுக்கு ஏறத்தாழ 0.013 மில்லிகிராம்தான், பல கருவிகளுக்கு அது பின்னணி இரைச்சலை ஒட்டியே நிற்கும். காட்மியத்துக்குத் தக்காளி இலை, எஸ்.ஆர்.எம். 1573ஏ, கிலோவுக்குச் சுமார் ஒன்றரை மில்லிகிராமுடன் இருக்கிறது. அது சற்று மேலே போய்விடுகிறது என்றாலும் கரைசலை நீர்த்து அளக்க முடியும். இரண்டையும் வாங்குவது செலவுதான். ஆனால் ஒரே புட்டியில் எல்லாத் தனிமத்தையும் முடித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தில் தேர்ந்தெடுப்பவர்கள், ஏதாவது ஒரு தனிமத்தில் ஒன்றும் சோதிக்காமலேயே சோதித்ததாக நினைத்துக்கொள்வார்கள்.

இந்த இலைத் தூள்களின் சான்றிதழ் படிப்பதற்கே மகிழ்ச்சியாக இருக்கும். ஒரு முறைக்கு 150 மில்லிகிராமுக்குக் குறையாமல் எடுக்க வேண்டும் என்ற குறிப்பு அதில் உண்டு. அதற்குக் குறைவாக எடுத்தால் சான்றளித்த மதிப்பு அந்தச் சிட்டிகைக்குச் செல்லாது. மதிப்புகள் உலர் எடைக்கே தரப்பட்டுள்ளன. ஜூன், ஜூலையில் எங்கள் ஊரில் மூடியைத் திறந்த கணத்திலேயே தூள் ஈரத்தை இழுக்கத் தொடங்கிவிடும். ஆகவே ஒரு பகுதியைத் தனியே உலர்த்தி ஈரப்பதத்தைக் கணக்கிட்டுத் திருத்தாமல் கிடைக்கும் முடிவு எப்போதும் குறைவாகவே இருக்கும். இன்னொன்றும் உண்டு. இலையில் ஒட்டியிருக்கும் மணல் துகளில் சிக்கிய அலுமினியம் போன்ற தனிமங்கள் நைட்ரிக் அமிலத்தில் மட்டும் முழுதாகக் கரைவதில்லை. சான்றிதழ் சொல்வதோ மொத்த அளவு. அங்கே குறைவு வந்தால் கருவியைக் குறை சொல்லக் கூடாது. ஈயத்தைப் பொறுத்தவரை எங்களுக்குச் சிக்கல் எழவில்லை.

முடிவை எப்படி ஒப்பிடுவது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். நம் எண் சான்றிதழின் எல்லைக்குள் விழுகிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது, ஏனென்றால் நம் அளவீட்டுக்கும் நிச்சயமின்மை இருக்கிறது. நாம் கண்டது 0.448, நம் திட்ட நிச்சயமின்மை (விரிக்காத அடிப்படை அளவு) 0.015 என்று வைத்துக்கொள்வோம். சான்றிதழின் 0.024 ஏறத்தாழ இருமடங்கு விரித்த அளவு என்று கொண்டு அதைப் பாதியாக்கினால் 0.012. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்து இரண்டால் பெருக்கினால் ஏறத்தாழ 0.038 வருகிறது. வேறுபாடு 0.022, அது 0.038-க்குள் இருப்பதால் முறையில் குறிப்பிடத்தக்க சாய்வு, அதாவது ஒரே பக்கமாக விழும் பிழை, இல்லை என்று சொல்லலாம். பரிசோதனைக்கூடங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தணிக்கைக்கு வருபவர்கள் இந்தக் கணக்கைத்தான் கேட்கிறார்கள்.

அடுத்தது பூச்சிமருந்துக் கலவைக் கரைசல். பல மருந்துகளை அசிட்டோநைட்ரைலில் கரைத்து ஒரு மில்லி ஆம்பூலில், அதாவது கழுத்தை உடைத்துத் திறக்கும் சிறு கண்ணாடிக் குப்பியில், அடைத்து விற்கிறார்கள். ஒப்பீட்டுப் பொருள் தயாரிப்பாளர்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17034 அங்கீகாரம் பெற்ற ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் கலவையை நாங்கள் வாங்கினோம். தரத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, நாம் வாங்கும் குறிப்பிட்ட கலவை அந்த அங்கீகாரத்தின் எல்லைக்குள் வருவது வேறு என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். அங்கீகாரச் சின்னம் அந்தச் சான்றிதழின் மீதே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இந்த ஆம்பூலைக் கையாளும்போது ஒரு விஷயத்தைக் கண்ணும் கருத்துமாகக் கவனிக்க வேண்டும். சான்றிதழில் உள்ள செறிவு, ஒரு மில்லிக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று, 20 பாகை வெப்பநிலைக்குத் தரப்பட்டது. அசிட்டோநைட்ரைல் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.14 சதவீதம் விரிவடைகிறது. உறைபெட்டியில் கழித்தல் 18 பாகையில் இருந்ததை எடுத்த கையோடு கழுத்தை உடைத்துப் பைப்பெட்டில் உறிஞ்சினால், குளிரில் சுருங்கிய கரைசலாகையால் ஏறக்குறைய 5 சதவீதம் கூடுதலான மருந்து ஒவ்வொரு மில்லியிலும் வந்துவிடும். கருவியின் சிகரத்தை அளவாக மாற்றித் தரும் அளவுத்திருத்தக் கோடு முழுவதும் உயர்ந்துவிட, மாதிரியின் முடிவுகள் எல்லாம் குறைவாகத் தெரியும். ஆம்பூலை அறை வெப்பநிலைக்கு வரவிட்டு, வெளிப்புற ஈரத்தைத் துடைத்து, கழுத்தில் தங்கிய துளியைத் தட்டி இறக்கி, அதன் பின்பே திறக்க வேண்டும். எடையில் அளந்து கலக்கும் வசதி இருந்தால் அது இன்னும் நல்லது.

கலவையில் உள்ள பெயர்களையும் ஊன்றிப் பார்க்க வேண்டும். சைபர்மெத்ரினுக்கு எட்டு ஐசோமர்கள், அதாவது ஒரே அணுக்கள் வேறு வேறு அமைப்பில் இருக்கும் வடிவங்கள். கலவையைப் பிரித்துக் காட்டும் வாயுக் குரோமட்டோகிராப் கருவியில் அவை நான்கு சிகரங்களாக வருகின்றன. சட்ட வரம்பு அவற்றின் கூட்டுத்தொகைக்கு. ஆல்பா சைபர்மெத்ரின் மட்டும் உள்ள கலவையை வாங்கிவிட்டு, நான்கு சிகரங்களையும் அதை வைத்துக் கணக்கிடுவது சரியான அளவீடு ஆகாது. எண்டோசல்பான் பார்க்க வேண்டுமென்றால் ஆல்பா, பீட்டா இரண்டோடு சல்பேட்டும் கலவையில் இருக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2011-ல் தடைசெய்த மருந்தாயினும், அதன் தெளிப்பால் காசர்கோட்டில் நேர்ந்த துயரத்துக்குப் பிறகு கேரளத்தில் அதைப் பார்க்காமல் விடும் வாங்குநர் அரிது. சைபர்மெத்ரின் அடங்கும் வகையான செயற்கைப் பைரெத்ராய்டுகளின் கரைசல் மெத்தனாலில் இருந்தால் வாங்காதீர்கள். அத்தகைய கரைப்பானில் டெல்டாமெத்ரின் போன்றவை மெல்ல வேறு ஐசோமராக மாறும்.

எவ்வளவு நல்ல கலவையானாலும் அது கருவியையும் கணக்கையும் மட்டுமே சோதிக்கிறது. ஏலக்காயில் எளிதில் ஆவியாகும் எண்ணெய் நிறைய உண்டு. சினியோலும் டெர்பினைல் அசிட்டேட்டும் அதில் முதன்மையானவை. பிரித்தெடுத்த சாறு அந்த எண்ணெயைச் சுமந்துகொண்டே கருவிக்குள் போகிறது. சில மருந்துகளின் சிகரத்தை அது உயர்த்தும், சிலவற்றை அமுக்கும். ஆகவே தூய கரைப்பானில் போட்ட கோட்டை ஏலக்காய்க்குப் பயன்படுத்தக் கூடாது. மருந்து அடிக்காத தோட்டத்துக் காயின் சாற்றிலேயே கலவையைச் சேர்த்துக் கோடு போட வேண்டும். அத்தகைய காயை இடுக்கியில் இயற்கை முறையில் விளைவிப்பவர்களிடம் கேட்டு வாங்கி, முதலில் அதுவே சுத்தமானதா என்று சோதித்து வைத்துக்கொள்கிறோம். விலை கொடுத்து வாங்கும் எந்த ஆம்பூலைவிடவும் எங்களுக்கு மதிப்பு வாய்ந்தது அந்தக் காய் மூட்டைதான்.

தனித்தனி மருந்துகளைத் தூய தூளாகவும் வாங்கினோம். குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ் போல ஏலத்தோட்டங்களில் அடிக்கடி பேச்சில் வரும் மருந்துகள். இங்கேதான் ஏமாற்றம். பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு விற்பனையாளர், தூய்மை 99 சதவீதத்துக்கு மேல் என்று விளம்பரம் செய்திருந்தார். வந்த தாளில் அந்த எண் திரவக் குரோமட்டோகிராபின் சிகரப் பரப்பிலிருந்து எடுக்கப்பட்டது. ஈரப்பதமும் எஞ்சிய கரைப்பானும் கழிக்கப்படவில்லை. பரப்பின்படி 99.2 சதவீதம் உள்ள ஒரு தூளில் ஈரமும் கரைப்பானும் சேர்ந்து 5 சதவீதம் இருந்தால், உண்மையான நிறைத் தூய்மை 94.2 சதவீதம்தான். அந்த ஐந்து சதவீதம் நம் ஒவ்வொரு அறிக்கையிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நிறைச் சமநிலை முறையாலோ (எல்லா மாசுகளையும் அளந்து கழிப்பது) அளவறி என்.எம்.ஆர். முறையாலோ (காந்த ஒத்ததிர்வால் நேரடியாக அளப்பது) கண்ட தூய்மையைக் கேளுங்கள்; தர முடியவில்லை என்றால் அது அடையாளம் காண்பதற்கு உதவும், அளப்பதற்கு உதவாது. அதே விற்பனையாளர் புட்டியின் லாட் எண்ணுக்கும் சான்றிதழின் லாட் எண்ணுக்கும் பொருத்தம் இல்லாமல் அனுப்பியிருந்தார். காலாவதி மிக அருகில் இருந்த புட்டிகளும் அதில் இருந்தன. கேட்டபோது எல்லா லாட்டும் ஒன்றுதான் என்ற பதில் வந்தது. அந்தப் புட்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டோம். இனி அங்கே வாங்குவதாக இல்லை.

வேறொரு உள்நாட்டு முகவரைப் பாராட்ட வேண்டும். ஆர்டர் கொடுக்கும் முன்பே கைவசம் உள்ள லாட்டின் சான்றிதழை மின்னஞ்சலில் அனுப்பினார்; மலைப்பாதையில் பார்சல் சூடேறும் என்று சொன்னதும் குளிர்ப்பொதியில், வார இறுதிக்குள் மாட்டாத நாளில் அனுப்பி வைத்தார். இது சாதாரண மரியாதை போலத் தெரியலாம். ஆனால் சரக்கு அலுவலகத்தில் இரண்டு நாள் வெயிலில் கிடந்த ஆம்பூலுக்குச் சான்றிதழ் எந்தப் பொறுப்பும் ஏற்காது.

மசாலாவில் கிருமி நீக்கப் பயன்படும் வாயுவான எத்திலீன் ஆக்சைடு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2024 ஏப்ரலில் ஹாங்காங் இது இருப்பதாகச் சொல்லிச் சில இந்திய மசாலாப் பொடிகளை நிறுத்திய பிறகு, இங்கேயும் எல்லாரும் இந்தப் பரிசோதனையைக் கேட்கத் தொடங்கினார்கள். ஐரோப்பிய விதிப்படி எச்சம் என்பது எத்திலீன் ஆக்சைடும் 2-குளோரோஎத்தனாலும் சேர்ந்தது. முடிவை எத்திலீன் ஆக்சைடாகச் சொல்ல வேண்டும். மூலக்கூறு எடைகளின் விகிதப்படி குளோரோஎத்தனால் அளவை 0.55-ஆல் பெருக்க வேண்டும். சேமிப்பில் பெரும்பாலும் மிஞ்சுவது குளோரோஎத்தனால்தான் என்பதால், ஆக்சைடு மட்டும் வாங்கிவிட்டுப் பரிசோதனை தொடங்குபவர்கள் சரக்கில் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடும் அபாயம் உண்டு. இரண்டையும் வாங்குங்கள்.

தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் ‘பாரதீய நிர்தேசக் திரவ்யா’ என்ற பெயரில் இந்திய ஒப்பீட்டுப் பொருள்களை வெளிக்கொண்டு வருகிறது. அளவுத்திருத்தக் கரைசல்களுக்கு வெளிநாட்டையே நம்பியிருக்க வேண்டியதில்லை என்ற நிலை வருவதை மனமார வரவேற்கிறேன். நம் மசாலாப் பொருள்களையே அடிப்படையாகக் கொண்ட தூள்கள் அந்த வரிசையில் நிறைய வர வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஒரே மாதிரியைப் பல கூடங்களுக்கு அனுப்பி முடிவுகளை ஒப்பிடும் திறனறிச் சோதனைச் சுற்றுகளில் மிஞ்சும் தூளையும் சிலர் ஒப்பீட்டுப் பொருளாகப் பயன்படுத்துகிறார்கள். பயிற்சிக்கு அது நல்லது. ஆனால் அதன் மதிப்பு பெரும்பாலும் கலந்துகொண்ட கூடங்களின் முடிவுகளிலிருந்து எடுக்கப்பட்டது. சுற்று முடிந்த பின் அது நிலைத்திருக்கும் என்று எவரும் உறுதி தருவதில்லை.

வாங்கிய எல்லாவற்றுக்கும் மேலாக நான் பரிந்துரைப்பது கடையில் கிடைக்காத ஒன்றை: சொந்தமாகத் தயாரிக்கும் ஏலக்காய்க் கட்டுப்பாட்டுத் தூள். சுத்தமான பொடியில் மருந்தை ஊசியால் விட்டு, விட்டதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்ற மீட்பு விகிதம் பார்க்கும் வழக்கம் எல்லாக் கூடத்திலும் உண்டு; 70 முதல் 120 சதவீதம் வரை வந்தால் ஏற்கிறார்கள். ஊசியால் விட்ட மருந்து தூளின் மேற்பரப்பில் மட்டுமே ஒட்டியிருப்பதால் கரைப்பானில் உடனே இறங்கிவிடுகிறது. தோட்டத்தில் அடித்த மருந்தோ மழையிலும் வெயிலிலும் உலர்கூண்டின் சூட்டிலும் இருந்து, தோலின் மெழுகிலும் விதையின் எண்ணெயிலும் ஊறிவிட்டது. அதை வெளியே கொண்டுவர முடிகிறதா என்பதை ஊசிச் சோதனை சொல்லாது. உண்மையில் மருந்து அடித்த காயால் செய்த தூள்தான் சொல்லும்.

அதைச் செய்வதற்கு, கூடத்திலேயே கட்டுப்பாட்டுப் பொருள் தயாரிப்பது பற்றிய ஐ.எஸ்.ஓ. கைடு 80 நல்ல வழிகாட்டி. எச்சம் இருப்பது முன்பே தெரிந்த ஒரு சரக்கில் போதிய அளவு வாங்கி, உலர்பனியோடு (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) சேர்த்து அரைக்க வேண்டும். வெறுமனே அரைத்தால் மிக்ஸி சூடேறி எண்ணெய் கசிந்து தூள் கட்டி கட்டும். ஏலக்காயில் தனிச் சிரமம் ஒன்று உண்டு: தோல் நார்நாராகக் கிழிந்து சல்லடையின் மேலே நிற்கும், விதை மாவாகிக் கீழே இறங்கிவிடும். மேலே நிற்பதைக் கழித்துவிட்டால் தோலில் இருந்த எச்சத்தையும் சேர்த்துக் கழித்துவிடுவோம். ஆகவே மேலே நிற்பதை மறுபடி மறுபடி உலர்பனியில் உறையவைத்து அரைத்து, முழுவதும் சல்லடையில் இறங்கும் வரை விடக் கூடாது. பிறகு உருட்டிக் கலந்து, நிறமுள்ள சிறு புட்டிகளில் அடைத்து, கழித்தல் 18 பாகையில் வைக்க வேண்டும். குறைந்தது பத்துப் புட்டிகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு முறை அளந்து, புட்டிக்குப் புட்டி உள்ள வேறுபாடு ஒரே புட்டிக்குள் உள்ள வேறுபாட்டைவிடக் கூடுதலா என்று மாறுபாட்டுப் பகுப்பாய்வு செய்த பிறகே அந்தத் தொகுதியை ஏற்க வேண்டும்.

இந்தத் தூளுக்குச் சான்றளித்த மதிப்பு கிடையாது. ஆகையால் முறையின் சரித்தன்மையை நிறுவ இதைக் காட்ட முடியாது. அந்த வேலைக்கு வெளியிலிருந்து வாங்கியவை வேண்டும். ஆனால் ஒவ்வொரு தொகுப்பு மாதிரியோடும் ஒரு புட்டியைச் சேர்த்து ஓட்டி, வரும் எண்ணைக் கட்டுப்பாட்டு வரைபடத்தில் குறித்துக்கொண்டே வந்தால், முறை எங்கே நழுவுகிறது என்பது வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்பே தெரிந்துவிடும். மழைக்காலத்தில் மின்சாரம் போய் வந்த ஒரு நாளுக்குப் பிறகு எங்கள் குயினால்பாஸ் புள்ளி சராசரிக்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றது. புதிய ஆம்பூலைத் திறந்து, அளவுத்திருத்தத்துக்காக முன்பே நீர்க்கக் கலந்து வைத்திருந்த பழைய வேலைக் கரைசலோடு ஒப்பிட்டபோது வேறுபாடு 10 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. வேலைக் கரைசலின் கரைப்பான் ஆவியாகி அது செறிவேறியிருந்ததுதான் காரணம். அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்ததும் புள்ளி பழைய இடத்துக்கு வந்தது. விலை உயர்ந்த இலைத் தூளை இப்படி அன்றாடம் செலவழிக்க எந்தச் சிறிய கூடத்துக்கும் கட்டுப்படியாகாது.

ஆகவே எங்கள் கூடத்தில் இப்போது இலைத் தூள்கள் புதிய முறை தொடங்கும்போதும் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் மட்டும் திறக்கப்படுகின்றன. கலவை ஆம்பூல்களை ஆகஸ்டில் அறுவடை சூடுபிடிக்கும் முன் ஒரே லாட்டாக வாங்கி வைக்கிறோம். ஏலக்காய்த் தூளின் அடுத்த தொகுதியைக் கம்பத்தில் உள்ள மற்றொரு கூடத்தோடு சேர்ந்து தயாரித்துப் பங்கிட்டுக்கொள்ளப் பேசியிருக்கிறோம். இரண்டு கூடங்களும் ஒரே தூளை அளந்தால் எண்களை நேருக்கு நேர் வைத்துப் பார்க்கலாம். மிளகுக்கும் அதேபோல் ஒரு தொகுதி செய்வதற்கு நெடுங்கண்டம் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து சரக்கு எடுத்து வைத்தாயிற்று.